நெட்டைக் கட்சி, குட்டைக் கட்சி

நெட்டையனை இறக்கியது சரியா, இல்லை குட்டையனையே ஆட விட்டிருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. டெக்சஸில், ரவுண்ட் ராக்கில், எங்கள் அபார்ட்மென்ட் ஹாலில் ஒரு சீசன் முழுக்க இந்த வழக்கு நடந்தது. வாதாடிய எல்லோருக்கும் விடை தெரிந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் ஒரு சனிக்கிழமை ஒன்று சரியாகப் பட்டது, அடுத்த சனிக்கிழமை மற்றது.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஃபுட்பால் என்றாலும் இதில் காலுக்கு அதிக வேலை இல்லை. இரண்டு முனையும் கூம்பிய பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். அதில் ஒருவன் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் இவன் கைக்குத்தான் வரும். எதிரணிக்காரர்கள் ஓடி வந்து இவனைத் தள்ளிவிடுவதற்குள் யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவன் இவன்தான். அணியில் இந்த வேலைக்கு எத்தனை பேர் இருந்தாலும் களத்தில் நிற்க முடிந்தவன் ஒருவன்தான். மற்றவன் கோட்டுக்கு வெளியே தொப்பி போட்டுக்கொண்டு நிற்பான்.

அந்த ஆண்டு எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக அணியில் இரண்டு நல்ல குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். ஒருவன் மூத்தவன், குட்டை. அதற்கு முந்தைய சீசன் முழுவதும் அவன்தான் ஆடினான், நிறைய ஜெயித்தும் கொடுத்தான். இன்னொருவன் புதிதாக வந்தவன், நல்ல உயரம், பந்தை அவனைப் போலத் தூரமாக எறிய ஆளில்லை என்றார்கள். பயிற்சியாளர் புதியவனைக் களத்தில் இறக்கி, பழையவனை வெளியே நிறுத்தினார். ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கார் ரேடியோவில் இதே பேச்சு, கணவரின் ஆபீஸ் கேன்டீனில் இதே பேச்சு. பெட்ரோல் போடப் போனால் கல்லாவில் இருப்பவர் "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் சில்லறை கொடுத்தார்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் கூட்டம் கூடியதற்குக் காரணம் டிவி. கலிஃபோர்னியாவுக்கு வேலை மாறிப்போன ஒருவர் தூக்கிக்கொண்டு போக முடியாமல் எங்களுக்கு விட்டுப்போன டிவி அது. குளிர்சாதனப் பெட்டியைப் படுக்கப் போட்டது போல இருக்கும். ஹாலில் பாதியை அது எடுத்துக்கொண்டதால் சோபா வாங்குவதைத் தள்ளிப்போட்டோம். எல்லோரும் தரையில் போர்வை விரித்து உட்கார்ந்தார்கள்.

எல்லோரும் என்றால், முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் கணவருடன் வேலை செய்யும் மதுரைப் பையன். கல்யாணம் ஆகாதவர், எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அண்ணி. நெட்டைக் கட்சியின் தலைவர். இன்னொருவர் எங்களுக்கு இரண்டு கட்டடம் தள்ளிக் குடியிருந்த கோயம்புத்தூர்க்காரர். மனைவியோடு வருவார். குட்டைக் கட்சிக்கு நிறுவனர், பொதுச்செயலாளர், தொண்டர் எல்லாம் அவரே. என் கணவர் நடுநிலை என்று சொல்லிக்கொள்வார். ஆனால் அவருடைய மனது உயரமானவன் பக்கம்தான் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணே, அந்தக் கையப் பாருங்கண்ணே. இங்க நின்னு எறிஞ்சா அடுத்த ஊருல போய் விழுது. இவன உக்கார வச்சிட்டு அந்தக் குட்டைய ஆட வைக்கணும்ங்கிறீங்க. நியாயமாண்ணே?"

"தூரமா எறியறதுக்கு ஊருல ஆயிரம் பேரு இருக்கறாங்க தம்பி. யாரு கைக்கு எறியோணும்னு தெரியோணுமில்லீங்களா? இவன் எறிஞ்சதுல பாதி எதிராளி கைக்குப் போகுது. அதுக்குங்களா இவனுக்குச் சம்பளம்?"

"சம்பளமே கிடையாதுண்ணே, காலேஜ் பசங்க."

"அதானுங்க இப்படி ஆடறான்."

"என்ன தப்புப் பண்ணான்னு அவன வெளிய வச்சாங்கன்னு கேக்கறீங்க. தப்பே பண்ண வேணாம்ணே. பெட்டர் ஆள் வந்தா வழிய விட வேண்டியதுதான். சீனியாரிட்டி பாக்க இது என்ன கவர்மென்ட் ஆபீஸா?"

"புதுசா வந்தவன உடனே கொண்டுபோயி நடுவுல நிறுத்துனா பயந்துக்குவானுங்க. ஒரு வருசம் நின்னு பாக்கட்டுமே. கெட்டா போயிருவான்?"

இந்த இடத்தில் நான் பஜ்ஜி மாவு கலக்கும் கையை நிறுத்திவிட்டுக் கேட்பேன். ஏனென்றால் அவர்கள் பேசியது எனக்குக் குவார்ட்டர்பேக்கைப் பற்றியதாக மட்டும் இல்லை.

என் மகள் ஆகஸ்டு மாதத்தின் கடைசி வாரத்தில் பிறந்தவள். இங்கே செப்டம்பர் முதல் தேதிக்குள் ஐந்து வயது நிறைந்திருந்தால் கிண்டர்கார்டனில் சேர்க்கலாம். அவளுக்கு மயிரிழையில் நிறைந்துவிட்டது. சேர்த்தால் வகுப்பிலேயே சின்னவள் அவளாகத்தான் இருப்பாள். ஒரு வருடம் கழித்துச் சேர்த்தால் மூத்தவள். கட்டாயம் எதுவும் இல்லை, பெற்றோர் இஷ்டம். எனக்கு யாராவது கட்டாயப்படுத்தினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

எங்கள் கீழ்வீட்டில் ஓர் அமெரிக்கப் பெண் இருந்தாள். என் வயதுதான், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். துணி துவைக்கும் அறையில் பேசிப் பழக்கம். மகளின் பிறந்த நாள் எப்போது என்று கேட்டவள், உடனே "அப்படியென்றால் ரெட்ஷர்ட் பண்ணிவிடு" என்றாள். எனக்குப் புரியவில்லை. அது ஃபுட்பால் வார்த்தையாம். கல்லூரிக்கு வரும் புது ஆட்டக்காரனை முதல் வருடம் போட்டியில் இறக்காமல், பயிற்சியில் மட்டும் வைத்திருந்து, உடம்பும் அனுபவமும் கூடிய பிறகு ஆட விடுவார்களாம். கோடையில் பிறந்த குழந்தைகளையும் இங்கே பலர் அப்படித்தான் ஒரு வருடம் நிறுத்தி வைப்பார்களாம். தன் மகனையும் அப்படித்தான் நிறுத்தி வைத்ததாகவும், இப்போது வகுப்பில் அவன்தான் தலைவன் என்றும் சொன்னாள்.

இதை நான் போனில் அம்மாவிடம் சொன்னபோது அம்மா பதறிவிட்டார்.

"ஒரு வருசத்த சும்மாவே வீணாக்கறதா? யாராவது கேட்டா என்னன்னு சொல்லுவே? நாங்கெல்லாம் வயசக் கூட்டிச் சொல்லியில்ல உன்னையச் சேத்துனோம்!"

அது உண்மைதான். நான் பிறந்தது ஐப்பசியில். பாஸ்போர்ட்டில் என் பிறந்த நாள் மே மாதத்தில் இருக்கிறது. சேர்க்கும்போது தலைமையாசிரியர், "வலது கையத் தலைக்கு மேல போட்டு இடது காதத் தொடு" என்றார். விரல் காதின் மேல்நுனியில் பட்டதோ இல்லையோ, "எட்டுது, எட்டுது" என்று அவரே சொல்லி, பள்ளிக்கூடத்துக்குத் தோதான ஒரு தேதியையும் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் பலருக்கு இப்படி இரண்டு பிறந்த நாள் உண்டு. என் கணவர் மே மாதம் வந்தால் எனக்கு மிகுந்த மரியாதையோடு வாழ்த்துச் சொல்வார். ஐப்பசியில் மறந்துவிடுவார்.

அப்படிச் சீக்கிரம் போனவள் நான். எல்லா வகுப்பிலும் நான்தான் சின்னவள், முதல் பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்தவள். எல்லா வகுப்பிலும் முதல் மதிப்பெண்ணும் வாங்கினேன். எம்.எஸ்ஸி. கணிதம் முடித்து, கல்யாணத்துக்கு முன் ஒரு கல்லூரியில் பாடமும் எடுத்தேன். ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் புது வகுப்பின் வாசலில் நிற்கும்போது பயமாக இருக்கும். என்னைவிட எல்லோரும் எதையோ முன்கூட்டியே தெரிந்துகொண்டு வந்துவிட்டது போல இருக்கும். மகளுக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். கணவரோ, "சீக்கிரம் போனதாலதானே நீ ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கின?" என்றார். எதனால் எது வந்தது என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

ஆகஸ்டில் ஒருநாள் அவர் விளையாட்டாக மகளை நிற்க வைத்து, "தாத்தா ஊர் அட்மிஷன் டெஸ்ட்" என்று சொல்லி, கையைத் தலைக்கு மேல் போட்டுக் காதைத் தொடச் சொன்னார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முயன்றாள். விரல்கள் காதுக்கு மேலே முடியில் நின்றுவிட்டன.

"கை எட்டல. உங்கம்மா சொல்றதுதான் கரெக்ட். அடுத்த வருஷம் போலாம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பள்ளி திறந்தது, நாங்கள் சேர்க்கவில்லை. ஆனாலும் விஷயம் முடியவில்லை. எப்போது வேண்டுமானாலும் வந்து சேர்க்கலாம் என்று பள்ளி அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எனக்குப் புதிதாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. காலையில் மஞ்சள் பஸ் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கும். மகள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்ப்பாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கோயம்புத்தூர்க்காரரின் மனைவி நல்லவர். ஆனால் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். ஒரு சனிக்கிழமை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, பாப்பாவுக்கு எதாவது டெஸ்ட் வச்சாங்களா? அதுல ஃபெயிலா?"

"இல்லீங்க. நாங்களாத்தான் அனுப்பல."

"அட, அதெப்படிங்க நாமளா அனுப்பாம இருப்போம்?" என்று அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். நான் எதையோ மறைப்பதாகவே அவர் முடிவு செய்துவிட்டார்.

அந்த இலையுதிர் காலத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். நூலகத்திலிருந்து ஃபுட்பால் விதிகள் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, தேர்வுக்குப் படிப்பது போலப் படித்தேன். என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. மகளும், இரண்டு வயது மகனும், பிற்பகலில் அவர்கள் தூங்கும் நேரமும்தான் என் நாள். ஹாலில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கிரிக்கெட்டை வைத்துத்தான் பேசினார்கள். குவார்ட்டர்பேக்கை ஓப்பனிங் பேட்ஸ்மேன் என்று நினைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். எனக்கு உண்மையிலேயே தெரிந்தாக வேண்டியிருந்தது: புதியவனைச் சீக்கிரம் இறக்கினால் அவனுக்கு என்ன ஆகிறது?

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நெட்டையன் எறிந்த பந்து மறுபடியும் எதிரணிக்காரன் கையில் போய் விழுந்தது. மதுரைத் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். "காத்துண்ணே. காத்து தள்ளிருச்சு."

"காத்தே அடிக்கலீங்களே. கொடியப் பாருங்க, தொங்குது."

நான் கரண்டியோடு வாசற்படியில் நின்றிருந்தேன். வாய் என்னையறியாமல் திறந்துவிட்டது. "காத்து இல்லீங்க. அவர் ஒரே ஆளத்தான் பாக்கறார். பந்து வர்றதுக்கு முந்தியே அந்தப் பக்கம் திரும்பிக்கறார். அதனால எதிர்ல நிக்கறவங்களுக்கு எங்க எறியப் போறார்னு தெரிஞ்சுபோயிடுது. போன வருஷம் ஆடினவர் மூணு பேரையும் பாத்துட்டுத்தான் எறிவார்."

ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். தம்பிதான் முதலில் சிரித்தார். "அவராம்ல! அண்ணி, அவனுக்குப் பத்தொம்பது வயசு."

கணவர் வீடியோ டேப்பைப் பின்னால் ஓட்டினார். ஆட்டங்களைப் பதிவு செய்து வைப்பது அவர் வழக்கம். மெதுவாக ஓட விட்டுப் பார்த்தார்கள். பந்து கைக்கு வருமுன்பே அந்த உயரமான பையனின் தலை வலப்பக்கம் திரும்பியிருந்தது. அதற்கு முந்தைய தவறையும் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலும் அப்படியே.

"அம்மணி, நீங்க நம்ம கட்சிங்க. இங்க வந்து உக்காருங்க" என்று கோயம்புத்தூர்க்காரர் போர்வையில் இடம் விட்டார்.

நான் உட்காரவில்லை, அடுப்பில் எண்ணெய் இருந்தது. ஆனால் அன்று சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்ளச் சல்சா தீர்ந்துபோய்த் தக்காளித் தொக்கை எடுத்து வைத்தபோது எனக்குக் கொஞ்சம் தலைநிமிர்வாகவே இருந்தது. அன்றிலிருந்து ஒரு சந்தேகம் வந்தால், "இருங்க, அண்ணியக் கேப்போம்" என்பார்கள். கல்லூரியில் பாடம் எடுத்தபோதுகூட என் பேச்சை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

பெருமையோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் நிற்கவில்லை. நானே சொன்னதை நானே யோசித்தேன். மூன்று பேரைப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு அவன் வெளியே நிற்க வேண்டுமா, உள்ளே நின்று தவறு செய்ய வேண்டுமா? புத்தகத்தில் அது இல்லை.

நவம்பரில் இன்னொரு சனிக்கிழமை. எங்கள் அணி பின்தங்கியிருந்தது. மகள் டிவிக்கு மிக அருகில், தம்பியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மகன் என் இடுப்பில். கேமரா களத்தை விட்டுக் கோட்டுக்கு வெளியே போனது. தொப்பியோடு குட்டையன் நின்றிருந்தான். ஒரு கையால் தொப்பியைத் தொட்டான், தோளைத் தட்டினான், பிறகு கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் அந்தப் பக்கக் காதைத் தொட்டான்.

மகள் துள்ளி எழுந்தாள். "அம்மா! லுக்! ஹி டச்டு ஹிஸ் இயர்! அவன் கை எட்டிடுச்சு! நவ் தே ஹேவ் டு லெட் ஹிம் ப்ளே!"

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். தம்பி அவளைத் தூக்கிக்கொண்டார். "அப்படிச் சொல்லு என் செல்லம்! காது எட்டலன்னுதான் உக்கார வச்சிருந்தாங்களாம்ணே உங்க ஆள!"

சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அண்ணே... இருங்கண்ணே. அவன் ஏன் காதத் தொடுறான்?"

அடுத்த முறை கேமரா அந்தப் பக்கம் போனபோது எல்லோரும் திரையையே பார்த்தோம். குட்டையன் தொப்பியைத் தொட்டான், முழங்கையைத் தட்டினான், இரண்டு விரலைக் காட்டினான். களத்திலிருந்த நெட்டையன் அவனையே பார்த்துக்கொண்டிருந்து, தலையாட்டி, திரும்பித் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னான். பயிற்சியாளரின் திட்டத்தைச் சைகையில் உள்ளே அனுப்பும் வேலை வெளியே நிற்பவனுக்கு. வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம், எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. நாங்கள் எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே நிற்பவனைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அன்று எங்கள் அணி ஜெயித்தது. "பாத்தீங்களா நம்ம ஆளு கைய!" என்றார் தம்பி. "சொல்லிக் குடுத்தது யாருங்க?" என்றார் கோயம்புத்தூர்க்காரர். இரண்டு கட்சியும் வெற்றி விழாக் கொண்டாடின.

நான் கொண்டாட்டத்தில் இல்லை. தம்பியின் மடியிலிருந்து இறங்கிய மகள், சுவரோரம் போய் நின்று, கையைத் தலைக்கு மேல் போட்டு, விரலால் காதைத் தேடிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பழக்கமாக அதைச் செய்தாள். இது முதல் முறை இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆகஸ்டிலிருந்து அவள் இதைச் செய்துகொண்டிருக்கிறாள். கை குட்டையாக இருப்பதால்தான் மஞ்சள் பஸ் தன்னை ஏற்றிக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பஜ்ஜி கருகி, ஸ்மோக் அலாரம் அலற ஆரம்பித்தது. கணவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அலாரத்துக்கு விசிற ஓடினார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு, வெளிச்சம் போவதற்குள், கணவரிடம் அதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்டி" என்றார். பிறகு, "திங்கட்கிழமை நானே கூட்டிட்டுப் போய்ச் சேத்துடறேன். குழந்தை ஏங்கிப்போயிருக்கு" என்றார்.

மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். "கண்ணு, கை எட்டறதுக்கும் ஸ்கூலுக்கும் சம்பந்தமே இல்லடா. அப்பா விளையாட்டுக்குச் சொன்னது."

அவள் யோசித்தாள். "தென் வொய் ஆம் ஐ அட் ஹோம்?"

கணவர் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியவள் நான்தான். "அம்மா சின்ன வயசுல ஸ்கூல் போனப்ப எல்லாரையும் விடக் குட்டியா இருந்தேன். பயமா இருந்துச்சு. உனக்கு அப்படி இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

"ஆர் யூ ஸ்டில் ஸ்கேர்டு?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்ல வரவில்லை. "கொஞ்சம்" என்றேன்.

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "ஓகே. ஐ வில் ஸ்டே வித் யூ. கை எட்டினப்புறம் போறேன்."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "சரி, ஆகஸ்ட்ல பாத்துக்கலாம்" என்றார். அதோடு திங்கட்கிழமை முடிவுகள் நின்றன.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நானும் அவளும் சைகை மொழி ஒன்று வைத்திருந்தோம். மூக்கைத் தொட்டால், அவளுடைய குட்டித் தம்பி எழுந்துவிட்டான் என்று பொருள். முழங்கையைத் தட்டினால் பசி. நூலகத்தில் சத்தம் போடக் கூடாதென்பதால் அங்கே எல்லாமே சைகைதான். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். தமிழில் தன் பெயரை எழுதினாள். கீழ்வீட்டுப் பெண்ணின் மகனோடு புல்வெளியில் பந்து எறிந்து விளையாடினாள். எறியுமுன் மூன்று பக்கமும் பார்த்தாள். பிடிக்க அவன் ஒருவன்தான் இருந்தான், இருந்தாலும் பார்த்தாள்.

பொங்கலுக்குச் சமூகக் கூடத்தில் எல்லோரும் கூடியபோது, கோயம்புத்தூர்க்காரரின் மனைவி கன்னத்தைக் கிள்ளி, மற்றப் பெண்கள் முன்னால் அவளையே கேட்டுவிட்டார்: "ஏன் சாமி, நீ ஏன் இன்னும் ஸ்கூல் போகல? ஃபெயிலாயிட்டியா?"

எனக்குக் காது சூடானது. நான் வாய் திறப்பதற்குள் மகள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "நோ ஆன்ட்டி. ஐ ஆம் ரெட்ஷர்ட்டட்."

பக்கத்துப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மதுரைத் தம்பிக்குப் புரையேறிவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அப்படிப் போடு! நம்ம கட்சி கொள்கைய இத்தன தெளிவா நானே சொன்னதில்லீங்க!" அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொல்லப்பட்டது. அவர் கேட்டுவிட்டு, "அப்ப மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?" என்று என்னைத்தான் கோபித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பொங்கல் வேறு எந்தப் பொங்கலையும் விட இனித்தது.

அடுத்த ஆகஸ்டில் அவள் பள்ளிக்குப் போனாள். வகுப்பு வாசலில் நான் நின்றுவிட்டேன். அவள் ஏழெட்டு அடி உள்ளே போய், ஞாபகம் வந்தவளைப் போலத் திரும்பி, கையைத் தலைக்கு மேல் போட்டுக் காதைத் தொட்டுக் காட்டினாள். மடலை நன்றாகவே பிடித்தாள். பிறகு போய்விட்டாள். நான் காரில் வந்து உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, யாரும் இல்லாத அந்தப் பார்க்கிங் இடத்தில் சத்தமாகச் சிரித்தேன்.

இதோடு கதையை நிறுத்தினால் நான் ஜெயித்தது போல இருக்கும். ஆனால் இந்தக் கல்வியாண்டின் நடுவில் ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு அவளைப் புகழ்ந்தார். அழும் குழந்தைகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள், மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுகிறாள் என்றார். கேட்கக் கேட்க எனக்கு உயரம் கூடியது. கடைசியில், "இவள் போன வருடமே வந்திருக்கலாம், சமாளித்திருப்பாள்" என்றும் சொன்னார். கணவர் காரில் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

அந்த ஒரு வருடத்தால்தான் அவள் இப்படி இருக்கிறாளா, இல்லை எப்படியும் இப்படித்தான் இருந்திருப்பாளா? அவள் தனக்காக வீட்டில் இருந்தாளா, எனக்குத் துணையாக இருந்தாளா? நெட்டையனும் குட்டையனும் அதற்கடுத்த சீசனிலும் மாறி மாறி ஆடினார்கள். எங்கள் ஹாலில் கட்சிகள் இன்னும் கலையவில்லை. ஒரே ஆட்டத்தை இரண்டு முறை ஆடிப் பார்க்க முடிந்தால் சொல்லலாம் என்பார் தம்பி. அது முடியாது.

இப்போது என் மகனின் முறை. அவனும் ஆகஸ்டு கடைசி வாரம்தான், அக்காவைவிட இரண்டு நாள் தள்ளி. அடுத்த ஆண்டு ஐந்து நிறையும். இவன் அக்காவைப் போல நின்று பார்க்கிறவன் இல்லை. பார்ப்பதற்குமுன் ஓடிவிடுவான். பேச்சு அதிகம், பயம் இல்லை, உட்கார வைத்தால் நாற்காலியோடு நகர்வான். அக்கா அவனுக்குக் காது தொடக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அப்பாவின் நீளக் கை அவனுக்கு. எட்ட இன்னும் ஒரு விரல்கடைதான் பாக்கி. அவள் தினமும் அளந்து பார்த்து எனக்கு வந்து சொல்கிறாள். கணவர் இந்த முறை உடனே அனுப்பிவிடலாம் என்கிறார். அம்மா போனில், இவனையாவது நேரத்துக்குச் சேர்க்கச் சொல்கிறார். மதுரைத் தம்பி, "அண்ணி, இவன் நம்ம கட்சி, இறக்கி விடுங்க" என்கிறார்.

இதைப் படிப்பவர்களில் இந்தத் தேதிகளின் விளிம்பில் பிறந்த குழந்தைகளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். சீக்கிரம் அனுப்பியவர்களும் இருப்பீர்கள், நிறுத்தி வைத்தவர்களும் இருப்பீர்கள். ஒரு குழந்தையை ஒருவிதமாகவும் அடுத்ததை வேறுவிதமாகவும் செய்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. என்ன செய்தீர்கள், பிறகு என்ன நடந்தது, அந்தக் குழந்தையே வளர்ந்து உங்களிடம் என்ன சொன்னது என்று தயவுசெய்து எழுதுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு அடுத்த ஆண்டு ஆகஸ்டு வரை நேரம் இருக்கிறது.